குடல்வால் கடன்

என்னிடம் இல்லாத ஓர் உறுப்புக்காக ஒரு பெண் என்னிடம் கடனைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த உறுப்பு குடல்வால். எனக்கு ஆறு வயதாக இருந்தபோது அதை வெட்டி எறிந்துவிட்டார்கள். இப்போது எனக்கு முப்பது வயது. எறிந்த சாமானுக்குக் காசு கட்டு என்று நிற்கிறாள்.

அவள் பெயர் மார்த்தீன். கடன் அறவிடும் நிறுவனம் ஒன்றில் வேலை. நான் காலையில் மொன்றியலிலிருந்து மஞ்சள் லைன் மெட்ரோவில் ஆற்றைக் கடந்து, லொங்குய்யில் இருக்கும் அலுவலகத்துக்குள் நுழைந்து, குளிர்க் கோட்டைக் கழற்றுவதற்குள் போன் அடிக்கும். "போன்ஜூர், மதாம் சவிரிமுத்து" என்பாள். சவிரிமுத்து என் அப்பா. அவர் இறந்து மூன்று வருடமாகிறது. அந்த மனிதரை யாரோ மதாம் ஆக்கிக் கூப்பிடுவதைக் கேட்க எனக்கு ஒவ்வொரு முறையும் பற்றிக்கொண்டு வரும். குரல் மட்டும் தேன். "இன்று எவ்வளவு கட்டக்கூடியதாக இருக்கும்?" என்று, கடையில் எத்தனை கிலோ போடட்டும் என்று கேட்பதுபோலக் கேட்பாள். நான் சம்பளக் கணக்குப் பகுதியில் வேலை செய்கிறவள். ஊரார் சம்பளத்தையெல்லாம் சதம் பிசகாமல் போடுகிறவள் கடன்காரி என்று பக்கத்து மேசைகளுக்குத் தெரியவந்தால் எப்படி இருக்கும்? போனைத் தூக்கிக்கொண்டு மலசலகூடத்துக்கு ஓடுவேன். அங்கே நின்று தாழ்ந்த குரலில் சண்டை பிடிப்பேன். தாழ்ந்த குரலில் சண்டை பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று பிடித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இவ்வளவு காலமும் இல்லாத மார்த்தீன் முளைத்தது சரியாக நாங்கள் வீடு வாங்கப் போன நேரத்தில். நானும் என் கணவர் றஜிந்தனும் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் ஒரு வீட்டுக்கு விலை பேசி, விற்கிறவர்களும் சம்மதித்து, வங்கியில் கடனுக்கு விண்ணப்பித்திருந்தோம். இப்போது நாங்கள் இருப்பது இரண்டறை அப்பார்ட்மெண்ட். அப்பா போன பிறகு அம்மா எங்களோடு இருக்கிறா, வரவேற்பறைச் சோபாவில் படுக்கிறா. அம்மாவுக்கு ஒரு கதவு வேண்டும், சாத்தித் திறக்க அவவுக்கென்று ஒரு கதவு. வங்கிக்காரர் கணினியைப் பார்த்து மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, உங்கள் பெயரில் ஒரு பழைய ஆசுபத்திரிக் கடன் அறவிடும் நிறுவனத்தில் நிற்கிறது, மாத முடிவுக்குள் அதைத் தீர்த்துக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். றஜிந்தன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் ஏதோ களவாகக் கசினோவுக்குப் போய்வந்தவள் மாதிரி.

அன்று பின்னேரம் அம்மாவைப் பிடித்து இருத்திக் கதையைக் கறந்தேன்.

அப்பா அப்போது கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தார். நானும் அம்மாவும் மொன்றியலில். நியூ ஜெர்சியில் ஒரு கலியாணம். என் ஞானத்தகப்பன் நீக்கிலாப்பிள்ளை மாமா ஒரு வானை வாடகைக்கு எடுத்து எங்களை ஏற்றிக்கொண்டு போனார். ஞானஸ்நானத்தில் என்னைக் கையில் ஏந்தியவர், யாழ்ப்பாணத்தில் அப்பாவின் கூட்டாளி, எங்களுக்கு முன்னாலேயே இங்கே வந்து சேர்ந்தவர். வானுக்குள் புட்டு இருந்தது, கட்லட் இருந்தது, மூன்று நாளைக்குக் காணும் அளவுக்கு மிக்சர் இருந்தது. பயணக் காப்புறுதி மட்டும் இல்லை. இரண்டு நாள் போய் வருவதற்கு யார் காப்புறுதி எடுப்பார்கள், கண்ணாடியில் செபமாலை தொங்குகிறதுதானே என்று விட்டுவிட்டார்கள். அமெரிக்க எல்லை தாண்டிக் கொஞ்ச நேரத்தில் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தத் தொடங்கியிருக்கிறேன். கட்லட் கூடிப்போச்சு என்று அம்மா இஞ்சிப் பிளேன்ரீ தந்திருக்கிறா. அல்பனிக்குக் கிட்டப் போகும்போது குடல்வால் வெடித்துவிட்டது, அங்கேயே ஆசுபத்திரியில் சேர்த்தார்கள்.

"எனக்கு அப்ப ஒரு சொல்லு இங்கிலீசு தெரியாது, பிள்ளை. மாமாதான் எல்லாக் கடுதாசியையும் வாங்கி வாங்கிக் கையெழுத்து வைச்சவர். உன்னை உள்ள கொண்டு போகேக்க அந்த மனிசன் சுவரில தலையை முட்டிக்கொண்டு நிண்டது," என்றா அம்மா.

"சரி. பில் வந்தது. பேந்து?"

"நான் பாக்கிறன் எண்டு சொன்னவர்."

"பேந்து?"

"பேந்தென்ன? அவர்தான் பாக்கிறன் எண்டு சொல்லிப்போட்டாரே."

"அம்மா, அப்பவே பதினோராயிரம் டொலர். அமெரிக்கன் டொலர். கட்டினவரோ இல்லையோ எண்டு ஒருநாளும் கேக்கேல்லையோ?"

"என்னெண்டு கேக்கிறது? கேட்டா அவரை நம்பேல்ல எண்டெல்லோ வரும்."

இதுதான் எங்கள் ஆட்களின் சட்டம். ஒருவர் "நான் பாக்கிறன்" என்று சொல்லிவிட்டால் அந்த விஷயத்துக்கு மண் போட்டு மூடிவிட வேண்டும். திருப்பிக் கேட்டால் அவமானப்படுத்தியதாகிவிடும். சொன்னவரும் வாய் திறக்கமாட்டார், திறந்தால் செய்ததைச் சொல்லிக்காட்டியதாகிவிடும். இருபத்துநாலு வருடமாக இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் மதித்து மதித்து, கடைசியில் என் வீட்டின் கழுத்தில் கயிற்றைப் போட்டிருக்கிறார்கள். அப்பா கனடா வந்து, உழைத்து, செத்தும் போனார். அவரும் கேட்கவில்லை.

"இப்ப நாங்களே கட்டிவிடுவம், பிள்ளை," என்றா அம்மா. "என்ர காப்பை வில்."

"ஒரு சதமும் கட்டுறதில்லை. பேசாமல் இருங்கோ."

கோட்-டெ-நேஜ்ஜில் இலவசமாகச் சட்ட ஆலோசனை சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே ஓர் இளம் வக்கீல், வாய்க்குள் இருமல் மிட்டாயை உருட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். "உங்களுக்கு அப்போது ஆறு வயது. இது உங்கள் கடனே இல்லை. யார் கையெழுத்து வைத்தாரோ அவருடையது," என்றாள். "அதோடு, வருடக்கணக்காக யாரும் ஒரு சதமும் கட்டவில்லை, கடனை ஒத்துக்கொள்ளவும் இல்லை என்றால், நீதிமன்றத்தில் அது நிற்காது." எனக்கு அவளைக் கட்டிப் பிடிக்கலாம்போல் இருந்தது. மெட்ரோவில் நின்றபடியே மார்த்தீனுக்குச் சொல்ல வேண்டிய வசனங்களைப் பிரெஞ்சில் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன்.

அடுத்த நாள் அவளே போன் எடுக்கட்டும் என்று காத்திருந்து, மணி அடித்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். இது செத்துப்போன கடன், இருபத்துநாலு வருடமாக யாரும் கட்டாத கடன், இனிமேல் எனக்குப் போன் எடுத்தால் நான் முறைப்பாடு செய்வேன் என்றேன். மூச்சு வாங்கியது.

மார்த்தீன் கொஞ்சமும் அசையவில்லை. "இல்லை, மதாம் சவிரிமுத்து. இந்தக் கணக்குக்கு மாதா மாதம் பணம் வருகிறது. போன மாதமும் வந்தது."

"எங்கேயிருந்து வருகிறது?"

"ஆனால் அது வட்டிக்கே காணாது. இப்போது பதினாறாயிரத்துக்கு மேல் நிற்கிறது. அதனால்தான் கோப்பில் இருக்கும் மற்றப் பெயருக்கு, உங்களுக்கு, போன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்."

"யார் கட்டுகிறார்கள் என்று கேட்கிறேன்!"

"அது இரகசியம், மதாம். நான் சொல்லக்கூடாது."

மூன்று கிழமையாக என் அலுவலகத்துக்கு எடுத்து என் மானத்தை வாங்குகிறவளுக்கு இப்போது இரகசியம் வேண்டியிருக்கிறது! நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கதவுக்குள் இருந்தவள் தண்ணீர் இழுப்பதைக்கூட மறந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, "அப்ப அந்த மனிசன் இன்னும் கட்டிக்கொண்டுதான் இருக்குது!" என்றா. முகமெல்லாம் பெருமை. "பாத்தியா? நான் சொன்னனான்தானே, பாக்கிறன் எண்டு சொன்னால் பாப்பார். தங்கமான மனிசன்."

"தங்கம்தான் அம்மா. அந்தத் தங்கம் மாதா மாதம் ஐம்பதோ நூறோ கட்டிக் கட்டித்தான் இந்தக் கடனைச் சாகவிடாமல் வைச்சிருக்குது. அவர் கட்டாமல் விட்டிருந்தால் எப்பவோ முடிஞ்சிருக்கும்."

"நீ அவரிட்டப் போய் இதைக் கேக்கப்போறியோ? வேண்டாம் பிள்ளை. அவருக்கு வெக்கமாப் போயிடும்."

"எனக்கு வீடு இல்லாமல் போயிடும்," என்றேன். வக்கீலுக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவள் மிட்டாய் இல்லாத வாயால் தெளிவாகச் சொன்னாள்: மாமாவே அவர்களுக்குப் போன் எடுத்து, கையெழுத்து நான்தான் வைத்தேன், பிள்ளைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, என்னிடம் முதியோர் பென்சன் தவிர ஒன்றும் இல்லை, இனிமேல் கட்டமாட்டேன் என்று சொல்ல வேண்டும். அந்தப் பென்சனில் அவர்கள் கை வைக்க முடியாது. என் பெயர் கோப்பிலிருந்து நீங்கிவிடும். ஒரு போன், நாலு வசனம், வீடு எங்களுக்கு.

வியாழக்கிழமை லீவு எடுத்துக்கொண்டு கார்ட்டியர்வில்லுக்குப் போனேன். மாமா அங்கே ஒரு பழைய கட்டடத்தில் மூன்றாம் மாடியில் தனியாக இருக்கிறார். மாமி இறந்துவிட்டா, மகன் றெனோல்ட் டொரொன்டோவில். அப்பாவின் செத்தவீட்டுக்குப் பிறகு நான் அவரை மாதா திருநாளில் கூட்டத்துக்குள் இரண்டொரு தரம் கண்டு, தலையாட்டியதோடு சரி. படியில் ஏறும்போதே என்னென்ன கேட்பது என்று ஒழுங்குபடுத்திக்கொண்டு போனேன். கோபமாகத்தான் போனேன். மறைக்க ஒன்றுமில்லை.

கதவைத் திறந்தவர், "ஷெரோனோ! என்ன பிள்ளை, ஆருக்கும் ஏதும் ஒண்டோ?" என்றார். எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் சும்மா வரமாட்டார் என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து தேத்தண்ணி போட்டார். பிஸ்கட் டின்னைத் திறந்தார். நான் பிஸ்கட்டைத் தொடாமல் நேரே விஷயத்துக்கு வந்தேன்.

அவர் மறுக்கவில்லை. "அது முடியப்போகுது," என்றார். "இன்னும் கொஞ்சம்தான். வாற ஈஸ்டருக்குள்ள முடிச்சுப்போடுவன் எண்டு இருந்தனான். அதை ஆர் உனக்குச் சொன்னது?"

"மாமா, முடியேல்ல. கூடியிருக்கு. பதினோராயிரம் இப்ப பதினாறாயிரம்."

"சீச்சீ. நான் கட்டினதே அவ்வளவு வரும்."

"நீங்கள் கட்டினது எல்லாம் வட்டிக்குப் போட்டுது."

தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினார், குடிக்காமல் திரும்ப வைத்தார். ரெஸ்ரோறன்ற் ஒன்றின் பின்பக்கத்தில் கோப்பை கழுவி, பிறகு மரக்கறி வெட்டி, அங்கேயே முதுகு வளைந்து பென்சனுக்குப் போன மனிதர். அந்தக் கைகளைப் பார்க்க எனக்கு என் கோபத்தின் மேலேயே கோபம் வந்தது. ஆனால் மாத முடிவுக்கு ஆறு நாள்தான் இருந்தது. நான் விடாமல் வக்கீல் சொன்னதையெல்லாம் சொன்னேன். வீட்டைச் சொன்னேன். அம்மா சோபாவில் படுப்பதைச் சொன்னேன்.

"கையெழுத்து வைச்சுப்போட்டு கட்டமாட்டன் எண்டு சொல்லுறதோ?" என்றார்.

"ஓம் மாமா."

"உன்ர அப்பா இருந்தா இதைக் கேக்கமாட்டான்."

"அப்பா ஒண்டையும் கேக்காமல் இருந்ததாலதான் நான் வந்து கேக்கவேண்டியிருக்கு." சொன்ன பிறகுதான் அது எவ்வளவு முரட்டுத்தனமாக விழுந்தது என்று தெரிந்தது. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. யன்னலுக்கு வெளியே ஒருவன் காரில் உறைந்திருந்த ஐஸைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவன் சுரண்டி முடித்துக் காரைக் கிளப்பும்வரை மாமா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு வீடு கிடைக்குமெண்டாச் சொல்லுறன்," என்றார் கடைசியில். "திங்கக்கிழமை எடுத்துக் கதைக்கிறன்."

"இப்பவே எடுங்கோ மாமா. எனக்கு முன்னால."

அவர் போனை எடுத்தார். எண்ணை எங்கும் பார்க்கவில்லை. விரல் தானாகவே போய் அழுத்தியது. எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"நிக்கொலா!" என்றாள் மார்த்தீன், நீக்கிலாப்பிள்ளையைச் சுருக்கி. இது நான் மூன்று கிழமையாகக் கேட்ட தேன் குரல் இல்லை. இது சிரித்துக்கொண்டு வந்தது. "இந்த நேரத்தில் எடுக்கிறீர்களே! முழங்கால் எப்படி? நான் சொன்ன அந்தக் களிம்பை வாங்கினீர்களா?"

"வாங்கினேன், வாங்கினேன். கொஞ்சம் சுகம்," என்றார் மாமா. என்னுடையதைவிட நல்ல பிரெஞ்சு, சமையலறைப் பிரெஞ்சு, கியூபெக்காரர்கள் பேசுவதுபோலவே வந்தது. "உங்கள் மகன் மத்தியூவுக்குக் காய்ச்சல் விட்டதா? பிள்ளைக் காப்பகத்துக்குப் போகிறானா?"

"போகிறான், கடவுளே, என்னையும் வேலைக்கு விட்டுவிட்டான்."

நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். மாமாவுக்கு முழங்காலில் வருத்தம் என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. எங்கள் ஆட்களில் யாருக்கும் தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மாமா தொண்டையைச் செருமினார். பிறகு நான் சொல்லிக்கொடுத்த நாலு வசனத்தையும் ஒன்றுகூடப் பிசகாமல் சொன்னார். கையெழுத்து என்னுடையது. பிள்ளைக்கு அப்போது ஆறு வயது, அவளுடைய பெயரை எடுத்துவிடுங்கள். என்னிடம் பென்சன் மட்டும்தான் இருக்கிறது. இனிமேல் கட்டமாட்டேன்.

மறுமுனையில் தட்டச்சுச் செய்யும் ஓசை மட்டும் கேட்டது.

"மிசியூ," என்றாள் மார்த்தீன். நிக்கொலா என்ற பெயர் போய்விட்டது. "இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது. நீங்கள் சொன்னது கோப்பில் குறிக்கப்படும். பணம் நிறுத்தப்பட்டால் நிறுவனம் தேவையான நடவடிக்கை எடுக்கும் என்பதை உங்களுக்கு அறியத் தருகிறேன். வேறு ஏதாவது இருக்கிறதா, மிசியூ?"

"வேறு ஒன்றும் இல்லை. மெர்சி, மார்த்தீன்," என்றார் மாமா. அவர் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் லைன் வெட்டுப்பட்டுவிட்டது.

போனை மேசையில் வைத்து, அதை நேராக்கி, திரும்பவும் நேராக்கினார். எனக்கு நியாயப்படி சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அந்தப் பெண்ணின் உண்மையான முகம் இதுதான் என்று அவருக்குக் காட்ட வேண்டும் என்றுகூட அவள் சிரித்துக் கதைக்கும்போது நினைத்திருந்தேன். காட்டியாகிவிட்டது.

"பாத்தீங்களோ மாமா? காசுக்காகத்தான் அப்பிடிக் கதைச்சவள்," என்றேன்.

"அது எனக்குத் தெரியாதோ? நான் என்ன குழந்தைப்பிள்ளையோ?" முதன்முறையாக அவருக்குக் கோபம் வந்தது. "ஒன்பது வருசமா மாதம் பிறந்தா போன் எடுக்கிறவள். காசுக்குத்தான் எடுக்கிறவள். எடுத்தாப்போல காசை மட்டும் கேட்டிட்டு வைக்கலாம்தானே? முழங்காலை ஏன் கேக்கவேணும்? வேற ஆர் கேட்டவை?"

றெனோல்டைச் சொல்லலாம் என்று பார்த்தேன், ஆனால் நான் மட்டும் என்ன கிழித்தேன்? இந்த மனிதர் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றது எனக்காக. "இனி நான் போன் எடுக்கிறன் மாமா," என்றேன்.

"சரி பிள்ளை," என்றார், நம்பாதவர் சொல்கிற மாதிரி. "தேத்தண்ணி ஆறிப்போச்சு. வேற போட்டுத் தரட்டோ?"

எல்லாம் வக்கீல் சொன்னபடியே நடந்தது. என் பெயரை எடுத்தார்கள். வங்கிக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கைகொடுத்தார். மாமாவுக்கு இரண்டு மிரட்டல் கடிதம் வந்தது, பிறகு அதுவும் நின்றுவிட்டது. அம்மா புது வீட்டில் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டு, உள்ளேயிருந்து, "சத்தம் கேக்குதோ?" என்று கத்திப் பார்த்தா. "மாமாவை ஒருக்காக் கூப்பிட்டுச் சாப்பாடு குடுக்கவேணும்," என்று றஜிந்தனிடம் சொன்னா. நான் கூப்பிட்டேன். முழங்கால் ஏலாது, பேந்து வாறன் என்றார்.

நாங்கள் குடிபோன பிறகு வந்த முதலாம் திகதி, பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு காலையில் அவருக்குப் போன் எடுத்தேன். மணி முழுதாக ஒருமுறை அடிக்கவில்லை. அதற்குள் தூக்கிவிட்டார்.

"அலோ, மார்த்தீன்?" என்றார்.

"மாமா, நான் ஷெரோன்."

"ஓ, நீயோ," என்றார். "சொல்லு பிள்ளை, என்ன விஷயம்?"

விஷயம் ஒன்றும் இல்லை, முழங்கால் எப்படி என்று கேட்கத்தான் எடுத்தேன் என்றேன். அப்படியே இருக்கிறது என்றார். அதற்கு மேல் அவரிடம் என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.